வீட்டுப்பாடம் கேட்டு வந்த அம்மா

நான்காம் தர வகுப்பு வாசலில் என் அம்மா நின்ற கோலம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பகல் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே மலையிலிருந்து வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டி, வாசல் நனைந்துகொண்டிருந்தது. யாருடைய அம்மாவோ என்பதுபோல நான் குனிந்து கொப்பியைப் புரட்டினேன். புரட்டி என்ன செய்ய? பக்கத்திலிருந்தவள் "ஒங்க அம்மாடி" என்று விலாவில் இடித்துவிட்டாள்.

எங்கள் டீச்சர் அந்த வருடம் வீட்டுப்பாடத்தையே நிறுத்தியிருந்தார். ராகலைப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. லயத்து ஒற்றையறைக் காம்பிராவில் ஒரு பல்பு, ஒரு கட்டில், பக்கத்துக் காம்பிராவின் டீவிச் சத்தம். இதற்குள் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து கணக்குப் போடும் என்று அவருக்குத் தெரியும். பள்ளி விட்டபிறகும் எங்களை இருத்திவைத்து, அன்றைய கணக்கை அன்றே முடிக்கவைத்துத்தான் அனுப்புவார். உண்மையைச் சொன்னால், அந்தத் தவணையில்தான் என் பரீட்சைப் புள்ளிகள் முதல்முறையாக ஏறின.

அம்மாவின் சங்கடம் வேறு. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர்.

"டீச்சர், எம்புள்ள வீட்டுக்கு வந்தா பொஸ்தகத்த தொடுறதே இல்லீங்க. எழுத ஏதாச்சும் குடுத்து அனுப்புங்க."

டீச்சர் பொறுமையாக விளக்கினார். இங்கேயே முடித்துவிடுகிறாள், புள்ளியும் கூடியிருக்கிறது, வீட்டில் தூங்கட்டும் என்றார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"புள்ளிய நீங்க பாக்குறீங்க. எம்புள்ள படிக்கிறத நான் எப்புடிங்க பாக்குறது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கு மானமே போய்விட்டது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதக் கொடுத்தார். அம்மா கேட்டு வாங்கின ஹோம்வேர்க் என்று பிள்ளைகள் கேலி பண்ணித் தீர்த்தார்கள்.

அந்த ஒரு பக்கத்தால் என் படிப்பு இம்மியும் கூடவில்லை. வாசித்ததையே பார்த்தெழுதுவது கைக்குத்தான் வேலை. இன்று ஆசிரியையாகவும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அம்மா அதற்காகக் காத்திருப்பார். ரொட்டியைச் சுட்டு வைத்துவிட்டு, கொழுந்துக் கறை படிந்த விரல்களை முந்தானையில் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து குந்துவார். பேனை நகர்வதையே பார்ப்பார். முகத்தில் அப்படியொரு நிறைவு. ஒருநாள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சும்மா பாக்காதம்மா. ஒனக்கு என்னா வெளங்கப் போகுது?"

எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு அவர் அப்படி வந்து உட்காரவே இல்லை. ஓ.எல்., ஏ.எல். பரீட்சைகளுக்கெல்லாம் நான் அவருக்கு முதுகைக் காட்டித்தான் படித்தேன்.

இப்போது கந்தப்பளையில் படிப்பிக்கிறேன். பெற்றோர் கூட்டங்களில் வீட்டுப்பாடத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வாய் கிழியப் பேசுவேன். வீட்டில் இடமில்லாத பிள்ளையின் தலையில் அதைக் கட்டாதீர்கள் என்பேன். சொல்வது சரிதான். ஆனால் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருக்கும் அம்மாமாரைப் பார்த்தால் அம்மா கேட்ட கேள்வி நினைவுக்கு வரும். அவர்கள் எதைப் பார்ப்பது என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை.

போன மாதம் அம்மா வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஒரு மாலை நான் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, குசினி வாசலில் சுவரோடு ஒட்டி நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டதும் சட்டென்று உள்ளே திரும்பினார். கதிரையை இழுத்துப் போட்டு, இங்கே வந்து உட்காரும்மா என்றேன்.

"வேணாம்மா, நீ எழுது. பக்கத்துல இருந்து பாத்தா ஒனக்குப் புடிக்காதே."

கோபமில்லை, குத்தலில்லை. எனக்குத் தேத்தண்ணியில் சீனி குறைவாகப் போடணும் என்று சொல்வாரே, அதே குரல். வெட்கம் தாங்காமல் குனிந்துகொண்டேன். கடைசித் தாளும் திருத்தியாகிவிட்டது. இருந்தும் அதன்மேல் பேனையை நகர்த்திக்கொண்டே இருந்தேன், அங்கிருந்தாவது பார்க்கட்டும் என்று.