நிறுத்தியதால் வந்த எண்ணெய்

தில்லியில் உட்கார்ந்துகொண்டு குஜராத்தில் பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று சொல்வதுதான் என் உத்தியோகம். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் நின்றுகொண்டே போய், நாள் முழுக்கக் கணினியில் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

அங்கே ஒரு கிழட்டு எண்ணெய் வயல் என் பொறுப்பில் இருந்தது. அழுத்தம் இறங்கிவிட்டால் எண்ணெய் தானாக மேலே வராது. வழித்த பிறகும் பாத்திரத்தில் நிற்கும் தோசைமாவு மாதிரி பாறையில் ஒட்டிக்கொண்டுவிடும். கேஸை உள்ளே செலுத்தி அதைத் தள்ளலாம் என்று நாயாய் அலைந்து அனுமதி வாங்கினேன். பலிக்காவிட்டால் வயலையே மூடிவிடுவார்கள். எப்படியாவது அதைப் பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

மார்ச் வந்தது, எண்ணெய் வரவில்லை. மேலதிகாரி கூப்பிட்டார். மதுரைக்காரர், தில்லியில் ஊறியவர்.

“என்னய்யா, கேஸ உள்ள விட்டுக்கிட்டே இருக்க. எண்ணெயக் காணோம்?”

“பாறைக்குள்ள நகர்ந்து வரணும் சார். இன்னும் கொஞ்ச மாசம் ஆகும்.”

“அச்சா. மார்ச்சுல வருஷம் முடியுதுன்னு பாறைக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்ல? நிறுத்து.”

நிறுத்தினோம். ஆனால் அதற்குள் உள்ளே போயிருந்த கேஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மே மாதம் எண்ணெய் பொங்கிக்கொண்டு வந்தது. நான் குதிக்காத குறை. கூட்டத்தில் எழுந்து பேசியவரோ மேலதிகாரி: “கேஸ நிறுத்தினேன், எண்ணெய் வந்துச்சு.” கைதட்டல், சால்வை, கேடயம். எல்லாப் பழைய வயல்களிலும் உடனே கேஸை நிறுத்தும்படி உத்தரவும் போனது.

வயல்களிலிருந்து போன் மேல் போன். செலுத்தவே செலுத்தாத கேஸை எப்படி நிறுத்துவது என்று கேட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். மேலதிகாரி என்னைப் பார்த்தார்.

“ஆரம்பிச்சாத்தானே சார் நிறுத்த முடியும்,” என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

“அதான பாத்தேன். ஜல்தி ஆரம்பிக்கச் சொல்லு.”

வருஷக்கணக்காகத் தூங்கிய அனுமதிகள் மளமளவென்று கிடைத்தன. சந்தடி சாக்கில் என் வயலுக்கும் கேட்டேன். அங்கே அழுத்தம் மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது.

“உன் வயலுக்கு எதுக்குய்யா? அங்கதான் நல்லா நிறுத்தியாச்சே.”

தீபாவளிக்கு முன்னாலேயே என் வயலை மூடிவிட்டார்கள். கேடயம் அவர் மேஜையில் இருக்கிறது. அதில் வயலின் பெயரை நன்றாகப் பொறித்திருக்கிறார்கள்.