வாசற்படியில் போட்ட பாயிண்ட்

அன்று படகில் மூன்று பேர் இருந்தோம். முன்பக்கம் ஓனர் நின்றிருந்தார். பின்னால் மோட்டாரைப் பிடித்திருந்தவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். நடுவில் வலைமேல் உட்கார்ந்து, ஜிபிஎஸ்ஸை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தவன் நான். செல்போனைவிடக் கொஞ்சம் தடித்த மிஷின் அது. தை மாதப் பனி. மாமல்லபுரத்து லைட்ஹவுஸ் தெரியவில்லை, கோயில் தெரியவில்லை, பத்தடிக்கு அப்பால் தண்ணீரே தெரியவில்லை. திரையில் இருந்த சின்ன அம்பு மட்டும் இதோ கரை, இதோ கரை என்று காட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு கடலுக்கு வந்தவன், ஆனாலும் மேகம் கறுத்தாலே திரும்பிவிடலாம் என்று புலம்ப ஆரம்பித்துவிடுவேன். அப்படிப் புலம்பிப் புலம்பியே இரண்டு முறை படகைத் திருப்ப வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தபா உன்னால தொழில் கெட்டுச்சின்னு வெச்சிக்கோ, படகாண்ட வராத.” கைக்குழந்தையும் வாடகை வீடுமாக இருந்த எனக்கு அந்த வார்த்தையே தூக்கத்தைக் கெடுத்தது.

எங்கள் கரையில், படகு கரையேறும் துறைக்கு நேராகக் கடலுக்குள் நின்றுதான் கரைப் பாயிண்ட் போடுவோம். பட்டனை அழுத்திப் பிடித்தால் நிற்கிற இடத்தை மிஷின் மனதில் வைத்துக்கொள்ளும். திரும்பும்போது அம்பு அங்கே கூட்டிவந்து விடும். துறைக்குத் தெற்கே, என் வீட்டுக்கு நேர் எதிரே, அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கல் தண்ணீருக்குள் கிடக்கிறது. கரையில் எல்லோருக்கும் தெரியும். அம்புக்குத் தெரியாது.

முந்தின நாள் சாயங்காலம் பேட்டரி மாற்ற மிஷினை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். மாற்றியதும் சந்தேகம் வந்துவிட்டது. பழைய பாயிண்ட் அழிந்திருந்தால்? எதற்கும் இருக்கட்டும் என்று, வாசற்படியில் உட்கார்ந்தபடியே பட்டனை அழுத்தி, கரைப் பாயிண்ட்டைப் புதிதாகப் போட்டு வைத்தேன். அந்தப் பக்கமாக வந்த மச்சான் சிரித்தார்.

“இன்னா மாப்ள, உன் வூட்டுக்கே வழி கேட்டுகினு கீற?”

என்ன செய்கிறேன் என்று அவருக்கு அப்போது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

பனிக்குள் அம்பு காட்டிய பக்கம் நேராக வந்தோம். முதலில் அலை உடையும் சத்தம் மாறியது. “கல்லு! கல்லு!” என்று ஓனர் கத்தி முடிப்பதற்குள் மோட்டாரின் விசிறி பாறையில் அடித்து நொறுங்கிவிட்டது. அடுத்த அலை படகைத் தூக்கிக் கல்மேல் சாய்த்தது, பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. மச்சான் துடுப்பை ஊன்றித் தள்ளினார், ஓனர் காலாலேயே பாறையை உதைத்தார். நான் மிஷினை மார்போடு அணைத்துக்கொண்டு சாமி பெயரெல்லாம் சொன்னேன். “அத்த கீழ வெச்சிட்டு துடுப்ப புடி மாப்ள!” என்ற சத்தத்தில்தான் எனக்குக் கையே இருப்பது ஞாபகம் வந்தது. எப்படியோ விலகி, துடுப்புப் போட்டுத் துறைக்கு வந்து சேர்ந்தோம்.

மணலில் இறங்கியதும் ஓனர் மிஷினைப் பிடுங்கிப் பார்த்தார். “எவன்டா பாயிண்ட்ட மாத்துனது?”

நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் மச்சான் சொன்னார்: “நான்தான் அண்ணாத்த. பேட்டரி மாத்தும்போது தப்பா போட்டுட்டேன்.”

“பன்னெண்டாவது படிச்சவன் பண்ற வேலையாடா இது? நாளைலேர்ந்து வராத. விசிறிக்கும் ஓட்டை அடைக்கிறதுக்கும் உன் பங்குல புடிச்சிக்குவேன்.”

வீட்டுக்கு நடக்கும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதுவிட்டேன். “எனக்கு எதுனா கம்பெனில வேலை குடுப்பான். உனுக்கு எவன் குடுப்பான்? வாய மூடிகினு வா” என்றார். என் மானத்தை வாங்கிய மாதிரியும் இருந்தது, உயிரைத் திருப்பிக் கொடுத்த மாதிரியும் இருந்தது.

சொன்னபடியே மச்சான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். இப்போதும் அங்கேதான், அந்தப் பக்கமே வீடு எடுத்து ஷிப்ட் பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். நான் அதே படகில் இருக்கிறேன். அந்தப் பங்கில்தான் என் மகளைப் படிக்க வைக்கிறேன். ஓனரிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. இதை அவர் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று இப்போதும் பதைப்புதான். படிக்கட்டும். ஒருவர் என் தப்பைச் சுமந்தது நாலு பேருக்குத் தெரியாமலே போவது அதைவிடப் பெரிய பயமாக இருக்கிறது.

மச்சான் பங்கில் ஓனர் பிடித்தது பதினோராயிரம். நல்ல மீன் பட்ட மாதங்களில் ஐந்நூறு, எண்ணூறு, ஆயிரம் என்று எடுத்துக்கொண்டு, கூடவே கொஞ்சம் வஞ்சிரமும் வாங்கிப் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். கடைசித் தவணையாக நீட்டியதை மட்டும் அவர் வாங்கவில்லை. “இத்தையும் தீத்துட்டா நீ எதுக்கு வருவ இந்தப் பக்கம்? கெடக்கட்டும் போ” என்று என் சட்டைப் பையிலேயே திணித்து அனுப்பிவிட்டார். ஒவ்வொரு தடவையும் கொண்டுபோகிறேன், ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்.

பாக்கி எழுநூறு ரூபாய்.