மூன்றாவது கோடு

திண்டுக்கல்லில் நான் கணிதம் கற்பித்த கல்லூரியில் கணினி அறையைக் கூட்டித் துடைக்க ஓர் அம்மா வருவார். ஒல்லியான உடம்பு, நெற்றியோரம் நரை. எதைத் தொடுமுன்னும் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார்.

கல்லூரிக் கண்காட்சிக்காகக் குலக் கோட்பாடு என்னும் கணிதப் பகுதியை விளக்க ஒரு நிரல் எழுதியிருந்தேன். ஒரு கனவடிவத்தைத் திருப்பி வைக்கும் ஒவ்வொரு விதமும் திரையில் ஒரு புள்ளி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் திருப்பம் ஒரு கோடு. விரலால் தள்ளினால் மொத்தமும் பந்துபோல் உருளும். கண்காட்சிக்கு முந்தைய நாள் அவர் ஆசையாகக் கேட்டு உருட்டிப் பார்த்தார்.

"சார், எல்லாப் புள்ளிக்கும் மூணு கோடு வருது. இந்தா, இந்த ரெண்டு புள்ளிக்கு மட்டும் ரெண்டு ரெண்டுதேன் இருக்கு."

"இதெல்லாம் ஒங்களுக்குப் புரியாதும்மா. வேலையப் பாருங்க."

அவர் போனபின் எண்ணினேன். அவர் சொன்னது சரி. திருத்தினேன்.

மறுநாள் கண்காட்சிக்கு வந்திருந்த பேராசிரியர், "ஒரு பிழைகூட இல்லையே, யார் சரிபார்த்தது?" என்று கேட்டார். "நானேதான் சார்" என்றேன். அந்தம்மா வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்ததை அதன் பிறகே கண்டேன்.

கூட்டம் கலைந்ததும் அந்தம்மா என்னிடம் வந்தார். நான் சொன்னதைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

"அந்தக் கோடு கெடச்சிருச்சா சார்? வீட்டுக்குப் போயும் அதே நெனப்பு."

ஆமென்று தலையாட்டினேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.