கைகட்டி நிற்கும் வேட்பாளர்

1997 ஜூன், செம்மேடு.

நாமக்கல் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். லண்டனிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தூறலுக்குக் குடையைத் தேடிப் பையைக் குடைந்தபோது, லண்டனில் போன மாதம் நடந்த தேர்தலுக்கு நான் வீடுவீடாகப் போட்ட நோட்டீஸ்களில் ஒன்று கீழே விழுகிறது. படத்தில் எங்கள் வேட்பாளர் மார்புக்குக் குறுக்கே கைகளைக் கட்டி நிற்கிறார். உறுதியான ஆள் என்று காட்டக் கட்சிக்காரர்கள் யோசித்து எடுத்த படம். எனக்கென்னவோ திமிராகத்தான் பட்டது.

பக்கத்தில் நிற்கும், குண்டனி நாடு என்ற மலையூரைச் சேர்ந்த மிளகு விவசாயி அதை எடுத்து ஈரம் துடைக்கிறார். லண்டனில் ஓட்டுக்கு நின்றவர் என்று சொல்கிறேன்.

"ஏனுங்க, இது தோத்த பொறகு எடுத்த போட்டோங்களா? கையக் கட்டிட்டு நிக்கறாரே, பாவம்."

"தோத்தது நெஜம்தாங்க. ஆனா இது ஓட்டுக் கேக்கறப்ப எடுத்தது."

"ஓட்டுக் கேக்கறப்பவேவா?" மறுபடி உற்றுப் பார்க்கிறார். "இங்க வாரவங்க கும்புட்டுத்தான் கேப்பாங்க. ஜெயிச்ச பொறகு அவங்க ஆபீசுல கையக் கட்டிட்டு நிக்கறது நாங்கதானுங்க."

பஸ் வருகிறது. ஊருக்கு ரோடு கேட்டு எழுதிய மனுவை, நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறுகிறார்.