மோர்டனில் ஒரு பங்கர் படம்

இன்று மத்தியானம் லண்டன் மோர்டனில் ஒரு நூலகத்தில் பழைய பிரிட்டிஷ் அரசாங்கப் படங்கள் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் நேரம் சனங்களுக்குப் புத்தி சொல்ல எடுத்த குட்டிப் படங்கள்.

தேத்தண்ணி இலவசம். பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரு படத்தில் தகப்பனும் தாயும் சிரித்துக்கொண்டே குண்டு விழுந்தால் பதுங்க வீட்டுத் தோட்டத்தில் பங்கர் வெட்டினார்கள்.

"வாசலை நேரா வெட்டுறாங்கள்," என்றார் அண்ணை என் காதுக்குள். "ஷெல் பீஸ் நேரே உள்ளுக்கு வரும். எல் எழுத்து மாதிரி வளைச்சு வெட்டோணும்."

படம் முடிந்ததும் அதை நடத்திய வெள்ளைக்கார அம்மா கேட்டார்: "குண்டுவீச்சு நினைவுகள் யாருக்காவது இருக்கிறதா? நாங்கள் பதிவு செய்கிறோம்."

அண்ணை கையைத் தூக்கினார். கிளிநொச்சியில் தன் கையால் வெட்டிய பங்கர்களைப் பற்றி இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார்.

அந்த அம்மா அன்பாகச் சிரித்தார். "மன்னிக்கவும், எங்கள் போரின் நினைவுகளை மட்டும்தான் சேர்க்கிறோம்."

பிறகு பிஸ்கட் தட்டை நீட்டினார்.

திரும்பிப் பஸ்ஸில் வந்தோம். இறங்கும்போது அண்ணை சொன்னார்.

"நான் இங்க அகதியா அசைலம் கேட்ட நேரம், விசாரிச்ச அதிகாரி பங்கரைப் பேப்பரில படமாக் கீறிக் காட்டச் சொன்னவர். நீளம் அகலத்தோட கீறிக் குடுத்தனான். நம்ப ஏலாது எண்டு எழுதிப்போட்டார்."

இதை வாசிப்பவர்களில் பங்கர் வெட்டியவர்கள் எத்தனை பேர்? கமெண்டில் கீறிப் போடுங்கள். வாசல் வளைந்திருந்தால் போதும், நான் நம்புகிறேன்.