சோளத்தில் வழுக்கிய வண்டி

கர்த்தர் என் வீட்டாருக்குச் செய்த நன்மையைச் சபையார் முன் சொல்ல வந்திருக்கிறேன். கூடவே என் தப்பையும் சொல்லியாக வேண்டும்.

நான் குன்னம் பக்கத்தில் மக்காச்சோளம் போடுகிறவன். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, மனைவி எஸ்தரையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் மச்சானுடைய காரில் ஏற்றிக்கொண்டு காரை ஊர்ப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்கப் போனேன். ஓடைத் தண்ணீர் காலங்காலமாக அறுத்த செம்மண் பள்ளம் அது. "மெதுவா போங்கப்பா, பாக்கணும்" என்று சின்னவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கேட்கவில்லை.

ஒரு வளைவு. பாதி ரோட்டுக்குச் சோளம் காயப் போட்டிருந்தார்கள். பிரேக் போட்டேன். வண்டி நிற்கவில்லை. மணிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போய், இடது முன்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. அசைந்தால் சாய்ந்துவிடும். "யாரும் அசையாதீங்க" என்றேன்.

எஸ்தர் ஜெபிக்கத் தொடங்கினாள். எனக்கு வாய் வரவில்லை. முந்தின வாரம்தான், எங்கள் ஊர் ரோட்டில் நான் காயப் போட்டிருந்த சோளத்தில் ஒருவர் பைக்கோடு விழுந்தார். முழங்கையெல்லாம் ரத்தம். "பாத்து வரக் கூடாதா?" என்று அவரையே திட்டி அனுப்பினேன். அந்த முகம்தான் கண்முன் நின்றது. "ஆண்டவரே, கேக்க எனக்குத் தகுதியில்ல. புள்ளைங்கள மட்டும் காப்பாத்துங்க" என்று அழுதேன்.

சோளம் கிளறிக்கொண்டிருந்த நாலைந்து பேர் ஓடி வந்து வண்டியின் பின்பக்கத்தை அமுக்கிப் பிடித்தார்கள். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார்கள். இறங்கிப் பார்த்தேன். வலது முன்சக்கரம் நின்ற இடத்தில் ஒரே ஒரு கல், அதுதான் வண்டியைத் தடுத்திருந்தது. சோளம் சிதறாமல் இருக்க ஓரத்தில் நாங்களும் வைக்கிற கல்தான்.

"பாத்து வரக் கூடாதுங்களா?" என்றார் அங்கிருந்த ஒரு அம்மா.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பைக்கில் விழுந்தவரை விசாரித்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்தவர், "உள்ள வாங்கண்ணே, உக்காருங்க" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். இப்போது எங்கள் சோளம் எங்கள் வயற்காட்டிலேயே தார்ப்பாயில் காய்கிறது. இரண்டு நாள் கூடுதலாகிறது, ஆகட்டும்.

தப்பு செய்துவிட்டோமே, எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று தயங்குகிறவர்கள் இங்கே இருக்கலாம். கூப்பிடுங்கள். அவர் தகுதி பார்த்து வருகிறவர் இல்லை. நான் கூப்பிட்டேன். என் பிள்ளைகள் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.