கசெட்டின் முதுகுத் துளை

கண்டி நகரத்தில், ஒரு சந்துக்குள் இருந்த ரெக்கோர்டிங் பாரில் வேலை செய்தேன். வெறுங் கசெட்டும் பாட்டு எழுதிய துண்டுமாக ஆட்கள் வருவார்கள். இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுப்போம். கலவரத்தில் தெல்தோட்டையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயம் எரிந்ததோடு என் படிப்பும் ஏழாம் ஆண்டில் நின்றது. ஆங்கில எழுத்துகளை இசைத்தட்டின் உறையைப் பார்த்து, கோலம் போடுவது மாதிரித்தான் எழுதுவேன்.

முதலாளி அலவத்துகொடக்காரர். முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல் நானா என்று கூப்பிடுவேன். பழைய ரொக் பிடிக்கும். கறுப்பினத்தவர் பாடும் சோல் என்றால் உயிர். "பாரு புள்ள, இந்த மனுஷன் அழுதாலும் தாளத்துல அழுறான். நீ சும்மாவே அழுற" என்பார். நான் பயந்தாங்கொள்ளி என்பது சந்துக்கே தெரியும். ஜீப் சத்தம் கேட்டாலே பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

ஒரு நாள் காலை யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய கசெட் ஒன்றைத் தந்தார். "மகன் பாடினது. கேட்டுக் கேட்டுத் தேய்ஞ்சு போச்சு. இன்னொண்டு பதிஞ்சு தா பிள்ளை, நாளைக்கு வாறன்."

மகன் ஹோட்டல் நடனங்களில் பாடுகிறவன். படையினரின் சுற்றிவளைப்பில் கொண்டுபோய்ப் பதினொரு மாதம். எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை.

கசெட்டின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதியாது. மகன் அதை உடைத்தே வைத்திருந்தான். போட்டுக் கேட்டேன். கித்தாரோடு மூன்று ஆங்கிலப் பாட்டு. பிறகு, "அம்மா, இதெல்லாம் உங்களுக்கு விளங்காது, தெரியும். இனித் தமிழில கதைக்கிறன்" என்று தொடங்கி இரண்டு மூன்று நிமிடம் பேச்சு.

அப்போதுதான் பக்கத்துத் தையல்காரர் தலையை நீட்டினார். "மேல் ரோட்டுல பொலிஸ் கடை கடையா ஏறுறாங்க. கசெட்டுல தமிழ்ப் பேச்சு இருந்துச்சுன்னு ஒருத்தன ஜீப்புல ஏத்திட்டாங்க."

நானா பகல் நேர லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். பல் உடைந்த துளையின்மேல் செலோடேப் ஒட்டினேன்; அப்படி மூடினால் மறுபடி பதியும். மேசையில் கிடந்த சோல் இசைத்தட்டைச் சுழலவிட்டு, அந்தப் பேச்சின்மேல் பதியத் தொடங்கினேன். பாட்டுகளைத் தொடவில்லை, அவை ஆங்கிலம்தானே. கசெட்டைச் சோற்றுப் பொட்டலத்துக்குள் ஒளித்திருக்கலாம். இப்போது பத்து வழி தோன்றுகிறது.

பாதிப் பேச்சு அழியாமல் இருக்கும்போதே ஜீப் வந்தது. சார்ஜன் ஒருவர் உள்ளே வந்தார். எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. தன் தங்கையின் கல்யாணத்தில் ஆடுவதற்குப் பாட்டு வேண்டும் என்றார் சிங்களத்தில். நான் பதிவை நிறுத்தக் கை நீட்டினேன்.

"நிறுத்தாதே தங்கச்சி, நல்ல பாட்டு. முடியட்டும்."

விரலைச் சொடுக்கித் தாளம் போட்டபடி நின்றார். நானும் நின்றேன். பாட்டும் முடிந்தது, பேச்சும். அவர் போனதும் செலோடேப்பை உரித்துவிட்டு, அதை அப்படியே புதிய கசெட்டில் பிரதி எடுத்தேன்.

மறுநாள் அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிப் புதிய கசெட்டைக் கேட்டார். மகன் பாடும்வரை முகம் நன்றாக இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"இது அவன்ர குரல் இல்லையே. அவன் கதைக்கிறது எங்க?"

"நீங்க கொண்டு வந்ததே இப்படித்தான் அம்மா."

"நேற்று விடியவும் கேட்டனான்."

"அப்ப நிப்பாட்டுறப்ப பொத்தானை மாத்தி அமத்தியிருப்பீங்க. ரேடியோவும் அதே பெட்டியிலதானே? ரேடியோவுல போன பாட்டு பதிஞ்சிருக்கும்."

தன் விரல்களையே பார்த்தார். "ஓம். அதே பெட்டிதான்."

நானா அந்த அம்மாவின் பழைய கசெட்டை எடுத்து முதுகைத் திருப்பிப் பார்த்தார். பல் உடைந்த துளை. வீட்டில் எந்தப் பொத்தானை அமத்தினாலும் அதில் ஒன்றும் பதிந்திருக்காது. கசெட் தெரிந்த எவருக்கும் அது தெரியும். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கசெட்டையும் கைக்குட்டையில் சுற்றி, "கவனமாப் போங்க அம்மா" என்று கொடுத்தார்.

அந்த அம்மா சந்து முனையைத் தாண்டியதும் நானா சொன்னார்: "ஒட்டின பசையையாச்சும் தொடச்சிருக்கலாம் புள்ள."

அதற்குப் பிறகு நானா அந்த சோல் இசைத்தட்டை அடிக்கடி போட்டார். தொழப் போகும்போதும் ஓடவிட்டே போனார்.

அந்த அம்மாவின் வீடு வத்தேகமப் பாதையில் இருந்தது. அந்த வழியால் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒருமுறைகூட இறங்கவில்லை. தையல்காரர் சொல்லித்தான் தெரியும்: ரேடியோப் பெட்டியை இனித் தொடக்கூடாது என்று புருஷன் சொல்லிவிட்டாராம். மகனுடைய மூன்று பாட்டையும் அவர்தான் போட்டுக் காட்டுவாராம். மூன்றாவது முடிந்ததும், அந்த அம்மா கையை மடிக்குள் வைத்திருக்க, அவரே நிறுத்துவாராம்.